வெயில் படாத நாற்காலி

"புரை இன்னும் முத்தலக்கா. முத்தாம அறுத்தா கண்ணே போய்டும்," என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றான் ஆதிகேசவன்.

"கண்ணு இன்னா பலாப்பழமா, முத்துறதுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு வஜீதா. "அதெல்லாம் அந்தக் காலம். காத்திருக்க வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆட்டோ நிக்குது, வழிய வுடு தம்பி."

ஆதிகேசவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர். விஜயகுமாரி அவனுடைய அக்கா. புருஷன் செத்ததிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, உலகமே கஞ்சித் தண்ணீராகக் கலங்கிவிட்டது. ஒருநாள் கேஸ் சிலிண்டரைத் தம்பி பெண்டாட்டி ஜீவா என்று நினைத்து அரைமணி நேரம் குடும்ப விஷயம் பேசினாள். அந்த வீட்டில் அவள் பேச்சை அத்தனை பொறுமையாக வேறு யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் பார்வை போனதில் அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம். கண் தெரிந்த காலத்தில், யார் வெளியே கிளம்பினாலும் "உள்ள போங்க அண்ணி, எதுர்ல நிக்காதீங்க" என்பாள் ஜீவா. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். கண் மங்கியபின் அந்தப் பேச்சே நின்றுபோனது. கூடத்தில், வாசலோரமாக ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். காலையில் மட்டும் சரக்கென்று ஏதோ இழுபடும்.

"இன்னா ஜீவா சத்தம்?"

"உங்க மேல வெயில் அடிக்குதில்ல அண்ணி, அதான் மறைச்சேன்."

விஜயகுமாரி உருகிப்போவாள்.

ஆட்டோவில் வஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பார்வ வந்தா மறுபடியும் உள்ள போன்னு சொல்வாங்களோடி? இப்படியே இருந்துடட்டுமா?"

"பேஜார் பண்ணாம வாக்கா."

வேலூர் ஆஸ்பத்திரியில் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள். முதலில் ஒரு கண். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்ததும், "அய்யே வஜீதா, இவ்ளோ கெழவி ஆய்ட்டியா!" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார். "ஒரு மாசம் கண்ணுல தண்ணி படக்கூடாதும்மா."

கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள் நுழைந்தவள் தன் நாற்காலியைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கம்பி கட்டி, கம்பெனியில் கழித்துப்போட்ட கறுப்புத் தோலைத் தலையிலிருந்து தரைவரை தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இழுப்பதற்கு வளையங்கள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. வெயில் வந்து விழ ஓர் ஓட்டைகூட இல்லை.

தோலைத் தடவிப் பார்த்தாள். நல்ல கெட்டி. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. முகத்தை நிமிர்த்தி, விட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை ஆதிகேசவன் டிபன் கேரியரோடு கிளம்பினான். பழக்கதோஷத்தில் ஜீவாவின் கை வளையத்துக்குப் போனது. நாற்காலி அங்கே இல்லை. வாசற்படிக்கு வெளியே, தெருவைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து அதைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் விஜயகுமாரி.

"உள்ள வாங்க அண்ணி, வெயில்..."

"வெயில் படலாமான்னு டாக்டர கேட்டேன், ஜீவா. படலாம்னுட்டாரு."

ஆதிகேசவன் அக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்பக்கமாகப் போனான். அவன் கொல்லைச் சாக்கடையைத் தாண்டிக் குதித்து, ஒரு கால் அதற்குள்ளே இறங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது.

விஜயகுமாரி சிரிக்கவில்லை. மறுபடியும் முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டாள்.