புனித வீரனுக்கு ஐந்து டிக்

இடது தோளில் வலி பிடித்து மூன்று நாளாகிவிட்டது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. ஐம்பது கிலோ மூட்டை சுமக்கிறவன் உடம்பு வேறெப்படி இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, டிரைவர் வீட்டு மாடிப்படி ஏறினான் ஏணி. ஆளின் உயரத்துக்கும் ஒல்லிக்கும் சரக்குக் கிட்டங்கியில் வைத்த பேர் அது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

வலியைவிடப் பயம்தான் பெரிது. டிரைவருக்கு அடிபட்டு இரண்டு மாதம். இந்தப் படியில் ஏணி கால் வைப்பது அதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. காலையில் போன் வந்தது. "நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் போட்டுடுவோம் மாப்ள. வரலன்னா, நொண்டிக் காலோட வந்து உதைப்பேன்."

டிரைவர், ஏணி, கிட்டங்கி வாட்ச்மேன் மூவரும் ஞாயிறு மதியங்களில் ஆடிவந்த ஆட்டம் அது. பகடையும் காகிதமும் போதும். டிரைவர் கதை சொல்வான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். ஏணியின் மந்திரவாதியைக் கடைசி ஆட்டத்தில் டிராகன் விழுங்கிவிட்டது. இன்றைக்குப் புதிதாக ஓர் ஆளைச் செய்தாக வேண்டும்.

அறையில் கட்டில், மேசை, மூன்று நாற்காலி, சுவரோரம் தையல் மெஷின். டிரைவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பிகள் சதைக்குள் நுழைந்து வெளியே வந்தன. ஏணி அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பகடையைப் பார்த்தான்.

"வாங்கண்ணே. வழி மறந்துடுச்சோன்னு நெனச்சேன்" என்றாள் டிரைவரின் மனைவி, மெஷினில் இருந்து தலை நிமிராமலே.

"ஓவர்டைம்மா..."

"சும்மா இரு. அவனுக்கு என் காலப் பாக்க பயம்" என்றான் டிரைவர். "மாப்ள, இந்தத் தடவை நீ புனித வீரன். கடவுள் பேரால சத்தியம் பண்ணிட்டு வாள் தூக்குற ஆளு. உன்ன மாதிரி நேர்மையான பயலுக்குத்தான் அது பொருந்தும்."

"நான் திருடனாவே இருந்துக்கிறேன்" என்றார் வாட்ச்மேன். "பத்து வருஷமா கேட்டுல உக்காந்து பாத்த அனுபவம் வீணாகக் கூடாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏணியும் சிரித்தான்.

விஷயம் இதுதான். ஷிப்ட் தொடங்கும் முன் மூட்டை தூக்க டிரைவர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை வேலையாட்களில் யாராவது ஒருவன் சோதித்து, ஒரு தாளில் பத்துக் கட்டங்களுக்கு டிக் போட வேண்டும். டிரைவருக்கு அடிபட்டதற்கு முந்தின நாளே கை பிரேக் தொளதொளவென்று வருவதை ஏணி பார்த்திருந்தான். பழுது என்று எழுதினால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள்; அன்றைய லோடு முழுக்கத் தோளில்தான் ஏறும். அடிபட்ட அன்றைக்கும் ஏணிக்குத் தோள் வலித்தது. வண்டிப் பக்கமே போகாமல், டீ குடித்தபடியே பத்துக் கட்டத்துக்கும் டிக் போட்டான். கையெழுத்துப் போடுகிற இடத்தில், எல்லோரும் செய்வதுபோல, ஷிப்ட் நம்பரை மட்டும் எழுதினான்.

பத்தரை மணிக்கு டிரைவர் சரிவில் வண்டியை நிறுத்தினான். பிரேக்கை இழுத்தான். அந்தக் கரகர சத்தம் பத்தடி தள்ளி நின்ற ஏணியின் காதில் விழுந்தது. சரிந்த மூட்டையை நிமிர்த்த டிரைவர் இறங்கி முன்னால் போனான். வண்டி உருண்டது.

மறுநாளே மெக்கானிக் வந்து பிரேக் கம்பியை இறுக்கிவிட்டுப் போனார். இப்போது தாளிலும் பிரேக் சரி, வண்டியிலும் பிரேக் சரி. ஆகவே டிரைவர் பிரேக்கை இழுக்கவில்லை என்பது கம்பெனியின் கட்சி. நாளைப் பத்து மணிக்கு அதுவே முடிவானால் டிரைவருக்கு வேலையும் கிடையாது, அடிபட்ட காலுக்கு நஷ்ட ஈடும் கிடையாது.

ஏணி பகடையை உருட்டினான். வீரனின் பலம் பதினேழு.

"அடேங்கப்பா, இவனுக்குத் தோள் வலிக்காது" என்றார் வாட்ச்மேன்.

உடல் உறுதி பதினான்கு. அறிவு எட்டு. "அது சரியா வந்திருக்கு" என்றான் டிரைவர். ஏணி ஒவ்வொன்றையும் தாளில் எழுதினான். எண்களில் பயமில்லை. கீழே வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. குதிரை ஏற்றம், வாள் வீச்சு, காயம் கட்டுதல், பொய் கண்டுபிடித்தல் என்று பதினெட்டுத் திறமைகள். தெரிந்த ஐந்துக்கு டிக் போட வேண்டும்.

அப்போது தையல் மெஷின் நின்றது. டிரைவரின் மனைவி ஒரு நீலப் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து பக்கத்தில் நின்றாள். அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேசையில் வைத்தாள். ஜெராக்ஸ். பத்துக் கட்டம், பத்து டிக்.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க. ஷிப்ட்ல நாலு பேருதானே? இது யாரு டிக்குன்னு தெரியுதா பாருங்க. தூண்டில் முள்ளு மாதிரி வால் கீழே வளைஞ்சிருக்கு. இப்படி நான் எங்கயும் பாத்ததில்ல."

ஏணி குனிந்து பார்த்தான். பார்ப்பதுபோல நேரம் கடத்தினான்.

"தெரியலம்மா. எல்லாரும் இப்படித்தான் கிறுக்குவாங்க."

"நல்லாப் பாருங்கண்ணே. அந்த ஆளு வந்து, நான் பிரேக்கத் தொட்டே பாக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவன் வேல போயிடுமே, எவன் சொல்வான்?" என்றார் வாட்ச்மேன். ஏணி அவரைக் கும்பிடாத குறை.

"விடு" என்றான் டிரைவர், கம்பியைச் சுற்றிய தோலைச் சொறிந்தபடி. "நான்தான் இழுக்கல போலிருக்கு. மொதல்ல இழுத்தேன்னு அடிச்சு சொன்னேன். ராத்திரி பூரா அதையே யோசிச்சு யோசிச்சு, இப்ப கையில அந்த ஞாபகமே இல்ல. நாளைக்கு அப்படியே சொல்லிடலாம்னு இருக்கேன். பொய் சொல்லி எதுக்கு?"

ஏணிக்கு உண்மை வாய்வரை வந்தது. வீட்டு வாடகையும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும், இந்தத் தோளை வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் வேலை கேட்டு நிற்பதும் கூடவே வந்தன. வார்த்தையை அப்படியே விழுங்கினான்.

"சத்தியத்த எழுது மாப்ள. ஒண்ணு, கூட நிக்கிறவன விட்டு ஓடமாட்டேன். ரெண்டு, பொய் சொல்லமாட்டேன்" என்றான் டிரைவர்.

"உடைச்சா?" என்றான் ஏணி.

"ஆள் இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள உடைக்கிறதப் பத்திக் கேக்குறான் பாரு!" டிரைவர் மனம்விட்டுச் சிரித்தான். "உடைச்சா வாள் வெறும் இரும்பு. யாருக்குக் கெடுதல் பண்ணினானோ அவன் முகத்துக்கு நேரா நின்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் சாமி வராது."

ஏணி இரண்டு சத்தியங்களையும் எழுதினான். பிறகு கட்டங்களுக்கு வந்தான். கவனமாக, டிக்குக்குப் பதில் புள்ளி வைத்தான். குதிரை ஏற்றம், புள்ளி. வாள் வீச்சு, புள்ளி. கவசம் அணிதல், புள்ளி.

"என்னடா அம்மை போட்ட மாதிரி வெச்சிருக்க? பேனா ஓடலயா?" வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஓடுது ஓடுது."

"சரி, காயம் கட்டுறது, அப்புறம் பொய் கண்டுபிடிக்கிறது. அந்த ரெண்டையும் போட்டு முடி. இருட்டுறதுக்குள்ள குகைக்குள்ள போகணும்" என்று டிரைவர் அவசரப்படுத்தினான்.

பதினோரு வருஷமாகக் கட்டம் பார்த்தால் டிக் போட்ட கை அது. அவசரத்தில் அதுவே முந்திக்கொண்டு இரண்டுக்கும் வால் வளைந்த டிக் போட்டுவிட்டது. ஏணி பார்ப்பதற்குள் டிரைவர் தாளைப் பறித்து, ஊதி மை காயவைத்து, "அட்டகாசம்" என்று மனைவியிடம் நீட்டினான். "பத்திரமா வை. அடுத்த ஞாயிறும் வேணும்."

அவள் மேசையில் கிடந்த ஜெராக்ஸை எடுத்து, அதன் மேல் புனித வீரனை வைத்து, இரண்டையும் ஒன்றாக நீல ஃபைலுக்குள் செருகினாள். அவள் பார்த்தாளா என்று ஏணிக்குத் தெரியவில்லை. மெஷின் உடனே ஓடத் தொடங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஆட்டம் நடந்தது. புனித வீரன் இரண்டு பூதங்களை வெட்டினான். வாட்ச்மேன் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் திருடிப் பிடிபட்டார். ஏணி பகடையை உருட்டும்போதெல்லாம் காது மட்டும் பின்னால், மெஷின் பக்கமே இருந்தது. அது ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

கிளம்பும்போது டிரைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பக்கத்துல நில்லு மாப்ள. வேற எதுவும் வேணாம்."

"வரேன்" என்றான் ஏணி.

மனைவி படி வரைக்கும் வந்தாள். ஃபைல் அவள் கையில் இருந்தது. தோள் வலிக்க, ஏணி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பதினாறு படியும் இறங்கித் தெருவுக்கு வந்தான்.

நீ பிரேக்கை இழுத்தாய். சத்தம் என் காதில் விழுந்தது. அந்த டிக் என்னுடையது. இந்த மூன்று வரியும் ஏணி டிரைவருக்குத் தர வேண்டிய பாக்கி. இன்னும் தரவில்லை.