எடைமேடைக் கணினிக்கு யார் பங்காளி

எங்கள் உப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் கணினிகள் உறவுமுறை இல்லாதவர் கையால் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரே டெண்டரில் வந்தவை தமக்குள் பங்காளிகள். வேறு டெண்டரில் வந்தவை சம்பந்தி வகை. 2016 டெண்டரில் வந்தவை பதினான்கு, 2021 டெண்டரில் வந்தவை ஒன்பது, ஆக இருபத்து மூன்று. குளிர் அறையில் தனியாக இருக்கும் சர்வர் முதல் பதினான்குக்குப் பெரியப்பா, மற்ற ஒன்பதுக்கு மாமனார். இந்த விவரங்களையெல்லாம் இருப்புப் பதிவேட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். அலுவலகத்தில் என்னை ரிஜிஸ்டர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். என் பதிவேட்டில் இதுவரை ஓர் அடித்தல்கூடக் கிடையாது.

சென்ற திங்கட்கிழமை ஈரோட்டிலிருந்து பூங்கோதை என்ற பெண் வந்தார். கையில் ஒரு மடிக்கணினி, ஒரு பென்டிரைவ். எல்லாக் கணினிகளிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளை ஏற்றுவது அவர் வேலை. ஏற்றிய பிறகு ஒவ்வொரு கணினியும் நிமிடத்துக்கு ஒரு தடவை தன் சூடு எவ்வளவு, இடம் எவ்வளவு மிச்சம் என்பதை சர்வரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சர்வர் அறைப் பலகையில் அந்தக் கணினிக்குரிய விளக்கு பச்சையாக எரியும். வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எல்லா விளக்கும் பச்சையாக இருந்தால் அவருடைய நிறுவனம் அவரை நிரந்தரமாக்கும். ஒன்று சிவப்பாக இருந்தாலும் அத்துடன் வீட்டுக்கு அனுப்பிவிடும். இதை அவரே எங்கள் செயலர் சந்தியாகுவிடம் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு ஊருல முடிக்க முடியலைங்க. இது மூணாவதுங்க."

"அங்கெல்லாம் முறை பாக்கலியோ?" என்று செயலர் கேட்டார்.

"அங்க நாள் பார்த்துத்தானுங்க ஏத்தோணும். ரெண்டு ஊருலயும் நான் போன நேரம் ராகு காலமுங்க."

செயலர் தலையசைத்து அவரை என்னிடம் அனுப்பினார். நான் 2016ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினான்கு கணினிகளையும் எங்களுக்குக் கொடுத்தது பூங்கோதை வேலை பார்க்கும் நிறுவனம்தான். ஆகவே அது தாய்மாமன் வீடு. அவர் மாமன் மகள். இந்தப் பக்கத்தில் மாமன் மகளை மைனி என்பார்கள். மாமன் மகள் கையால் வருவதை மறுக்கிற வழக்கம் எங்கும் இல்லை. சம்பந்திக்குச் சம்பந்தி உடன்பிறப்பு என்ற கணக்கில் மற்ற ஒன்பதுக்கும் அவர் அக்கா ஆனார். நான் ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பென்டிரைவோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

திங்கள் மாலைக்குள் இருபத்து மூன்றிலும் மென்பொருள் ஏறிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு விளக்கும் பச்சையாகவில்லை.

பூங்கோதை ஒவ்வொன்றின் அமைப்புக் கோப்பையும் திறந்து காட்டினார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கும் இடத்தில் சர்வரின் பெயரை எழுதியிருந்தார்.

"பேரையா போட்டிய? பெரியப்பா பேரை எந்தப் பிள்ளை வாயால சொல்லும்?" என்றேன்.

"தப்புதானுங்க," என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். பெயரை அழித்துவிட்டு அங்கே சர்வரின் எண்ணைப் போட்டார். எண்ணைச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் இருபத்து மூன்று விளக்கும் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தன. செயலர் வந்து பார்த்து, எல்லோருக்கும் டீ சொன்னார்.

புதன்கிழமை வேறு மாதிரி இருந்தது. மாமன் மகள் என்று ஆன பிறகு கேலி செய்யாமல் இருக்க முடியாது. அனுப்புகைப் பிரிவுக் கணினிதான் பங்காளிகளில் மூத்தது; அது காலை ஒன்பதே காலுக்குத் தன் சூடு தொள்ளாயிரம் டிகிரி என்று பலகைக்குச் சொன்னது. பூங்கோதை மணல் வாளியோடு ஓடினார். போய்ப் பார்த்தால் அது குளிர்ந்து கிடந்தது. திரையில் ஒரு செய்திப் பெட்டி மட்டும் வந்தது.

"ஓடி வந்த வேகத்தைப் பாரு. மைனி, மணலை எங்க வீடு கட்டவா கொண்டு வந்திய?"

அடுத்து, சம்பளப் பிரிவுக் கணினி தனக்குள் இடமே இல்லை என்றது. என்ன நிரம்பியிருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, மைனியின் ஞாபகம் என்று பதில் சொன்னது. மற்றொன்று, தான் நேற்றே இறந்துவிட்டதாகவும் பூமாலை மட்டும் இன்னும் வரவில்லை என்றும் சொன்னது. பகல் முழுவதும் பலகை சிவப்பும் பச்சையுமாக இருந்தது.

இதற்கு ஏதாவது விதி உண்டா என்று பூங்கோதை கேட்டார். உண்டு. முறைக்காரர்களை அதட்டக் கூடாது. அதட்டினால் உறவு கசந்துவிடும். திருப்பிக் கேலி செய்ய வேண்டும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அனுப்புகைப் பிரிவுக் கணினியின் முன் உட்கார்ந்தார்.

"ஏனுங் மச்சான், விண்டோஸ் ஏழ வெச்சுட்டு இத்தனை வாயா? எங்கூர்ல உங்களை மாட்டுக் கொட்டாய்ல வெச்சுச் சாணி கணக்குப் பார்ப்பாங்க."

அறையில் இருந்த பங்காளிகள் எல்லாம் சேர்ந்து மின்விசிறியைச் சுழலவிட்டன. சிரிப்பு அடங்க மூன்று நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு பதினான்கும் உண்மையான சூட்டைச் சொல்லத் தொடங்கின. அவற்றுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்பதை நான் கவனித்தேன். அன்று மாலை அவர் கிளம்பும்போது, எட்டு அச்சுப்பொறிகளில் யாரும் கேட்காமலே பேருந்து நேர அட்டவணை அச்சாகி வந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எடைமேடைக் கணினி இறந்தது. லாரிகள் உப்போடு ஏறி இறங்கும் இடத்தில் இருந்த கணினி அது. உப்புக் காற்று உள்ளே போய்விட்டது. இறந்ததைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அதில் விதிமீறல் இல்லை. ஆனால் அது 2016 டெண்டர். மிச்சமிருந்த பதின்மூன்று பங்காளிகளும் பதினாறு நாள் தீட்டுக் காக்க வேண்டும். தீட்டில் இருப்பவர்கள் நலம் சொல்வதில்லை. பதின்மூன்று விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. சம்பந்தி வகைக் கணினிகள் ஒன்பதும் துக்கம் விசாரிக்கப் புறப்பட்டதால் நெட்வொர்க்கில் மதியம் வரை நெரிசல்.

பூங்கோதை விரல் விட்டு எண்ணினார். பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமைக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"செத்தவங்க வீட்டுல அவசரப்படுத்தக் கூடாதுங்க," என்றார். மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தார். பிறகு எடைமேடைக்குப் போய், இறந்த கணினியின் விசைப்பலகையில் படிந்திருந்த உப்பைத் தன் துப்பட்டாவால் துடைத்தார். அதை யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை.

எனக்கு அன்று மாலை முழுவதும் 2019ஆம் ஆண்டுப் பதிவேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் நினைவில் இருந்தது. எங்கள் சங்கத்தை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் அதனோடு ஒரு படி உப்புக் கொடுத்து அனுப்புவோம். கொடுத்துவிட்டால் அந்தப் பொருள் போன இடத்துக்குத் தத்து. திரும்பி வந்தால் ஒரு படி உப்பைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்கினால்தான் அது மறுபடியும் எங்கள் பிள்ளை. இதற்குப் பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு. எடைமேடைக் கணினி 2019 மார்ச்சில், சங்கத்துக்கு வெளியே ஊருக்குள் இருந்த எங்கள் விற்பனை அங்காடிக்குப் போயிற்று. கொடுத்த உப்பு, ஒரு படி. 2021 செப்டம்பரில் அங்காடியை மூடியபோது திரும்பி வந்தது. வாங்கிய உப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. வாங்க மறந்தவன் நான். மறந்தது எனக்கு அடுத்த வாரமே தெரியும். அந்தக் கட்டத்தில் இரண்டு சொல் எழுதி நிரப்ப எனக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன. பொய் எழுதவும் மனமில்லை, உண்மையைச் சொல்லவும் மனமில்லை. அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அனுப்புகைப் பிரிவுக்குப் போனேன். பூங்கோதையும் செயலரும் மற்ற எழுத்தர்களும் வந்து நின்றார்கள். மூத்த கணினியின் எதிரே பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, இரண்டு வரியையும் உரக்கப் படித்தேன். பிறகு காலிக் கட்டத்தைப் படித்தேன். காலிக் கட்டத்தைப் படிப்பது எளிதல்ல.

"உப்பைத் திரும்ப வாங்கல. மறந்தது நான்தான். அதனால அது உங்க பங்காளி இல்ல, அங்காடிப் பிள்ளை. தத்துப் போனதுக்குப் பதினாறு நாள் கிடையாது. தலை முழுகினாப் போதும்," என்றேன்.

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிஜிஸ்டர் அண்ணாச்சி மறந்தாவளா?" என்று பின்னால் யாரோ கேட்டது எனக்குக் கேட்டது.

திரையில் பெட்டி வந்தது. "அங்காடில அதுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. அங்காடியை மூடியாச்சு."

பிறகு, "அப்ப அதுக்கு அழ ஆளில்லையா, அண்ணாச்சி?" என்று வந்தது. "நாங்களும் தலை முழுகிட்டா அது அநாதையாப் போயிரும்லா?"

முறையான கேள்வி. மணி பத்து நாற்பது. பூங்கோதை கடிகாரத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பைத் திரும்ப வாங்காம விட்டவன் நான்," என்றேன். "அந்தப் பதினாறு நாளையும் நான் எடுத்துக்கிடுதேன்."

தீட்டில் இருப்பவர் பதிவேட்டில் எழுதக் கூடாது. பத்தொன்பது ஆண்டுகளாகச் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துச் செயலரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கணினிகள் தலை முழுகுவது என்றால் ஒரு முறை அணைந்து மீண்டும் எழுவது. பத்து ஐம்பத்திரண்டுக்கு மூத்தது அணைந்தது. அதைத் தொடர்ந்து, வயது வரிசை பிசகாமல், மற்ற பன்னிரண்டும் அணைந்தன. நாங்கள் சர்வர் அறைக்குப் போய்ப் பலகையின் முன் நின்றோம். பத்து ஐம்பத்தாறுக்கு அனுப்புகைப் பிரிவு பச்சை. பிறகு சம்பளம். பிறகு சரக்கறை. ஒவ்வொரு விளக்குக்கும் எழுத்தர்கள் அந்தப் பிரிவின் பெயரைச் சொன்னார்கள், ஏலம் கேட்பது போல. பத்து ஐம்பத்தொன்பதுக்கு இருபத்து இரண்டும் எரிந்தன. பெரியப்பா தன் மின்விசிறியை ஒரு சுற்று வேகமாக ஓட்டினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்குப் பூங்கோதையின் கைபேசி அடித்தது. அவர் "சரிங்க" என்று ஐந்து தடவை சொன்னார்.

"போட்டுட்டாங்களுங்க," என்றார். "நிரந்தரமுங்க."

இருபத்து இரண்டு கணினிகளிலும் ஒரே பெட்டி வந்தது. "மைனிக்கு வேலை கிடைச்சாச்சு. இனிச் சாணி கணக்கை அவியளே பாத்துக்கிடட்டும்." இதில் ஒன்பது கணினிகள் மட்டும், அக்கா முறை என்பதால், மைனி என்ற இடத்தில் அக்கா என்று போட்டு முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டன. பூங்கோதை வேலையை முடித்ததற்கான சான்றிதழில் செயலர் என் பேனாவால் கையெழுத்துப் போட்டார். எழுத்தர்கள் பூங்கோதையை உப்பளம் வரை சூழ்ந்து அழைத்துப்போனார்கள். உப்பு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் விவரம் கேட்டுக் குலவையிட்டார்கள். நான் தீட்டு என்பதால் பத்தடி பின்னால் நடந்தேன். ஆனாலும் என் நடையில் ஒரு மிடுக்கு இருந்ததை மறுக்க முடியாது.

உப்பளத்தின் கிழக்கு ஓரத்தில் நின்றபோது பூங்கோதையின் மடிக்கணினியில் ஒரு விண்ணப்பம் வந்தது. தன்னையும் பலகையில் சேர்த்துக்கொள்ளும்படி கடல் கேட்டிருந்தது.

"என்ன முறைங்க வேணும்?" என்று அவர் திரும்பி என்னைக் கேட்டார்.

எங்கள் உப்பு எல்லாம் பிறந்த இடம் அது. பெரியம்மா என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பென்டிரைவோடு முழங்கால் வரை இறங்கினார். ஏழு நிமிடம் ஆயிற்று. செயலர் பதிவேட்டில் 'கடல், எண்ணிக்கை ஒன்று' என்று எழுதினார், கையெழுத்து சுமார்தான். திரும்பி வந்து பலகையைப் பார்த்தேன். கடல் எழுபத்தொரு சதவீதம் நிரம்பியிருந்தது. எச்சரிக்கை எண்பதுக்குத்தான் என்பதால் சாப்பிடப் போனேன்.