எண்பத்திரண்டு டிகிரி

எங்கள் ஊரில் மஸ்கி என்ற பெரிய ஏரிமீனை ஒருமுறைகூடப் பிடித்திராத ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார், அவருக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். இன்னொருவன் நான். பாதிரியாரை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவர் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிடுவார்கள்.

அதிலும் நான் சலூன் வைத்திருப்பவன். வட விஸ்கான்சினில் மொக்கசின் ஏரிக்கரையில் சலூன் என்றால், கண்ணாடிக்கு மேலே சுவர் முழுக்க மஸ்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பல்லைக் காட்டும் வாடிக்கையாளர்களின் படங்கள்தான். பிடித்த மஸ்கியை இங்கே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அளந்து, படம் எடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். மிஞ்சுவது அந்தப் படமும் இத்தனை அங்குலம் என்ற பெருமையும்தான்.

"கோர்டி, உன் படம் எங்கப்பா?" என்று டெல்மர் வாரம் தவறாமல் கேட்பான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. தலையில் நாலு முடிதான் என்றாலும் வெட்டிக்கொள்ள வந்துவிடுவான்.

"கண்ணாடில தெரியுதுல்ல, அதான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஐம்பத்து மூன்று வயதிலும் அது உள்ளே சுருக்கென்று குத்தத்தான் செய்தது.

இதில் பெரிய கொடுமை, என் மனைவி ஆர்டிஸ் அந்த ஏரியிலேயே பேர் வாங்கிய மீன்பிடி வழிகாட்டி. அவள் படகில் ஒருநாள் போக வெளியூர்க்காரர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைப்பார்கள். வெட்கத்தை விட்டு, போன வருஷம் அவளிடமே கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

முழங்கை நீளத்துக்கு ஒரு பொய்யிரை. மரத்தில் செய்தது, மூன்று கொக்கிகள் தொங்கும். அதை வீச வேண்டும், சுற்றி இழுக்க வேண்டும், மறுபடி வீச வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவ்வளவுதான் வேலை. முதல் வாரத்தில் என் தோள்பட்டை கழன்று விழாதது அதிசயம். மஸ்கி சும்மா வந்து கவ்வாது. இரைக்குப் பின்னாலேயே படகு வரைக்கும் வந்து, முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் இரை படகுக்குப் பக்கத்தில் வந்ததும் தூக்கிவிடக் கூடாது. தூண்டில் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் பெரிதாக எட்டுப் போட வேண்டும். ஆசை காட்டி மோசம் செய்வது.

"வெளிய எடுக்காத கோர்டி! எட்டு போடு, எட்டு!"

"போட்டுக்கிட்டுதானே இருக்கேன்!"

"இது எட்டா? உருளக்கெழங்கு. பெருசா போடுய்யா. அவ்ளோ பெரிய மீனு இந்தச் சின்ன வளைவுல எப்படித் திரும்பும்?"

ஒருநாள் நிஜமாகவே ஒன்று வந்தது. இரைக்குப் பின்னால் அந்த மூஞ்சியைப் பார்த்ததும் நான் அலறிக்கொண்டு கம்பைத் தூக்கிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். ஆர்டிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஊரில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுப் பேச்சு கிடையாது. ஏரித் தண்ணீரின் சூடு எண்பது டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் மஸ்கிக்கு வீசக் கூடாது. சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சுக்காற்று போதாது. தூண்டிலோடு போராடிக் களைத்த மீன் தெம்பாக நீந்திப் போவதுபோல்தான் இருக்கும்; இரண்டு நாள் கழித்துச் செத்து மிதக்கும். மூன்று வருஷம் மற்ற வழிகாட்டிகளின் வீடு வீடாக ஏறி இறங்கி, திட்டு வாங்கி, எல்லோரையும் இதற்குச் சம்மதிக்க வைத்தவள் ஆர்டிஸ். படகுத்துறையில் தன் பெயர் போட்டு அறிவிப்பும் வைத்திருக்கிறாள். இந்த ஜூலையில் வெயில் கொளுத்தியது. சொல்லிவைத்திருந்த மூன்று வாரத்து ஆட்களையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம்தான் அவள் துலூத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். இரண்டு நாள்தான்.

அன்று சாயங்காலம் டெல்மர் வந்தான். "வா, சின்ன மீனு ரெண்டு பிடிச்சுட்டு வரலாம். காத்து வாங்குனாப்லயும் இருக்கும்."

"சின்ன மீனுதானே?"

"சின்ன மீனுதான்யா. அந்தப் பெரிய கம்பையும் எடுத்துக்கோ, சும்மா கெடக்கட்டும்."

எதற்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆர்டிஸின் படகில்தான் போனோம். அதில் ஆழம் காட்டும் சின்னத் திரையில் தண்ணீரின் சூடும் தெரியும். எண்பத்திரண்டு. நான் தொப்பியைக் கழற்றி அந்தத் திரைமேல் மாட்டினேன். டெல்மர் அதைப் பார்த்துவிட்டு, பெரிய கம்பை எடுத்து என்னிடம் நீட்டினான். அதைச் செய்த கை என்னுடையதுதான். வேறு யார் மேலும் பழி போட இடமில்லை.

பத்தாவது வீச்சோ பதினோராவது வீச்சோ. இரை படகருகே வந்தது. கம்பைத் தண்ணீரில் இறக்கி, சொல்லிக்கொடுத்தபடியே பெரிதாக எட்டுப் போட்டேன். இரண்டாவது வளைவில் ஏரியே என் கையைப் பிடித்து இழுத்தது. அடுத்த ஐந்து நிமிஷம் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. டெல்மர் வலையை வைத்து அள்ளினான். நாற்பத்தெட்டரை அங்குலம்.

மீனை வலைக்குள் தண்ணீரிலேயே வைத்திருந்து, படத்துக்கு மட்டும் ஒரு மூச்சு நேரம் தூக்க வேண்டும். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். நான் தூக்கினேன். முதல் படத்தில் டெல்மரின் கட்டைவிரல் விழுந்துவிட்டது. இரண்டாவதில் நான் கண்ணை மூடியிருந்தேன். "வெளிச்சம் பின்னால இருக்கு, இந்தப் பக்கம் திரும்பு" என்றான். திரும்பினேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வாலைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் தண்ணீரில் நிமிர்த்தி வைத்திருந்தேன். மெல்ல அசைந்து உள்ளே போனது.

"பாத்தியா, ஜம்முனு போய்டுச்சு" என்றான் டெல்மர். "படத்தை, தண்ணி குளுந்தப்புறம் செப்டம்பர்ல மாட்டிக்கோ. தேதிய எவன் பாக்கப்போறான்?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை படகுத்துறைக்குப் பக்கத்து நாணலில் மீன் ஒதுங்கியது, வெள்ளை வயிறு மேலே தெரிய. முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்த ஆர்டிஸ் செய்தி கேட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். டெல்மரும் இருந்தான். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று மீனைத் தூக்கி அளந்தாள். கிழவி ஒருத்தியைக் கையில் ஏந்தியிருப்பவள் போல அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தாள்.

"யாரு பண்ணுனது?" என்று கேட்டாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார். வெண்டல் புரூயிட். பியோரியாவிலிருந்து வந்து ஏரிக்கரை அறையில் ஒரு வாரமாகத் தங்கியிருப்பவர். தினமும் புழு வைத்து மீன் பிடிப்பவர்.

"முந்தாநேத்து சாயங்காலம் கடையில பெரிய இரை ஒண்ணு வாங்கிப் போட்டேம்மா. என்னமோ ஒண்ணு ஒரு நிமிஷம் போட்டு இழுத்துச்சு, அப்புறம் விட்டுட்டுப் போயிடுச்சு. அதுவா இருக்குமோ?"

"அந்த போர்டு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"படிச்சேன். ஆழத்துல தண்ணி சில்லுனு இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சீங்களா! இதுக்கு என்ன வயசு தெரியுமா? இருபது வருஷம் பொழச்சுக் கெடந்தது! ஒரு நிமிஷ ஆசைக்குக் கொன்னு போட்டுட்டு நெனச்சேன்னு சொல்றீங்க! இன்னிக்கே கெளம்புங்க. இந்த ஏரிப் பக்கம் இனிமே வராதீங்க!"

அவ்வளவு பேர் முன்னால். அந்த மனிதர் காது வரை சிவந்து, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். டெல்மர் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும்.  நான் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதுகூட அப்போது ஒரு தப்பித்தல்தான்.

மறுநாள் மதியம் ஆர்டிஸ் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். புரூயிட் முந்தின நாள் ஊருக்குக் கிளம்பும்போது தூண்டில் கடையில் கொடுத்துவிட்டுப் போனதாம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அம்மா, நீங்கள் திட்டியது நியாயம். எனக்கு எழுபத்தோரு வயது. ஒரு மஸ்கி என் தூண்டிலில் மாட்டியது இதுதான் முதல் தடவை. அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. அது என்னால் செத்துப்போனதை நினைத்துக் காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை மன்னியுங்கள்." கீழே பெயரும் தொலைபேசி எண்ணும்.

ஆர்டிஸ் கடிதத்தை மடித்தாள். "ரொம்பக் கத்திட்டேன் கோர்டி. எவ்ளோ நேர்மையான மனுஷன் பாரு. யாரோ பண்ணிட்டாங்கன்னு கம்முனு இருந்திருக்கலாம்ல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். தொப்பி மாட்டியதிலிருந்து மூன்றாவது படம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எட்டுலயா அடிச்சுது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பெருசா போட்டியா?"

"நீ சொன்ன மாதிரியே."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் கடிதத்தை என் பக்கம் தள்ளி, "போன் பண்ணு. என் எதிர்லயே பண்ணு" என்றாள்.

பண்ணினேன். நான் யார், என்ன செய்தேன், படகுத்துறையில் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அந்த மீனைக் கொன்னது நீங்க இல்ல சார், நான்" என்றேன்.

 திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எவ்ளோ நீளம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டரை அங்குலம்."

"அப்ப, எனக்கு மாட்டுனது அது இல்லையா?"

"இல்ல சார். உங்களுது வேற ஏதாவது சின்ன மீனா இருந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஓ" என்றார். "ஊருக்கு வந்து என் பையன்கிட்ட சொன்னேன். பண்ணுனது பாவந்தான், ஆனா ஒரு நிமிஷம் அவ்ளோ பெரிய மீனு என் கையில இருந்துச்சுடான்னு..." முடிக்கவில்லை. "பரவால்ல தம்பி. கூப்ட்டு சொன்னதுக்கு தேங்க்ஸ்."

பழியை மட்டும் வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன். அந்த மனிதரிடமிருந்து மீனையும் பிடுங்கிக்கொண்டேன்.

"என்ன சொன்னாரு?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"தேங்க்ஸ் சொன்னாரு" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.