வளைவுகளைத் தின்ற கடிகாரம்

புதன்கிழமை மாலைத் தேநீருக்குப் பிறகு ஓட்டப் பயிற்சி முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஜன்னலோரம், போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே நாற்காலியில், எல்டொரெட் நகரத்திலிருந்து காரில் வந்திருந்த கோரிர். எங்களைப் பந்தயங்களுக்கு அனுப்பும் வெளிநாட்டு ஏஜென்சிக்கு இங்கே அவர்தான் ஆள். அவருக்கு வலப்பக்கம், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோச் அருசேய். சுவரோரப் பெஞ்சு முழுக்க ஆண்கள்; நடுவில், காலை நீட்டி இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, அவர்களின் கேப்டன் யாட்டோர். பெண்களுக்குப் பெஞ்சு மிஞ்சவில்லை. அடுக்கியிருந்த சோளமாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து மூட்டையில் செரோப். அவளுடைய அறைத்தோழி ஜெரோனோ உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மேசையில் லாப்டாப்போடு நான், முகாமின் செயலாளர் ராயேல். குதிகால் நரம்பு அறுந்து ஓட்டம் நின்றதிலிருந்து இங்கே கடிதம் எழுதுவது என் வேலை.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை என்று பிறகு எவரும் சொல்லக் கூடாது.

கோரிர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிசம்பர்ல ஸ்பெயின் மாரத்தான். பொண்ணுங்களுக்கு ஒரு இடம். ஜெரோனோ பேரை எடுத்தாச்சு. செரோப் போறா."

ஜெரோனோதான் கேட்டாள். "ஏன் சார்?"

"உனக்குத் தெரியாதா?" போனை அவள் பக்கம் திருப்பினார். "வியாழக்கிழமை நீண்ட ஓட்டம் முப்பது கிலோமீட்டர். எல்லார் வாட்சும் முப்பதுன்னு சொல்லுது. உன்னுது இருபத்தாறு. அதுக்கு முந்தின வாரம் இருபத்தஞ்சரை. எந்தத் தோட்டத்துக்குள்ள பூந்து போற?"

"ஆட்டுப் பாதையில போவா போல," என்றான் பெஞ்சில் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எங்கள் மேட்டுப் பக்கத்தில் ஒரு ஓட்டக்காரியைத் திருடி என்றால்கூடச் சண்டை போட்டுவிட்டு மறந்துவிடுவாள். வளைவை வெட்டி ஓடுகிறவள் என்று சொன்னால் அவள் வீட்டார் சந்தையில் தலைகாட்ட முடியாது. கோரிருக்கு இது தெரியும். அவரும் இதே மண்ணில் ஓடியவர்தான்.

ஜெரோனோ குரலை உயர்த்தவில்லை. "சார், பொண்ணுங்க கூட்டத்துல முன்னாடி ஓடுறது நான். நான் குறுக்கே பூந்தா பின்னாடி வர்றவங்களும் என் கூடவேதானே பூந்திருப்பாங்க? அவங்க வாட்ச்ல மட்டும் முப்பது எப்படி வந்துச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாட்சுக்கு உன் மேல என்ன பகையா?"

வாட்சுக்குப் பகை இல்லை. ஆனால் அந்த வாட்ச் அவள் கைக்கு எப்படி வந்தது என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மார்ச்சில் ஏஜென்சி ஒரு பெட்டி நிறைய ஜி.பி.எஸ். கைக்கடிகாரங்களை அனுப்பியது. இனி ஓட்டக் கணக்கைக் கோச் எழுதி அனுப்ப வேண்டாம், கடிகாரமே அனுப்பிவிடும், அதில் பதியாத ஓட்டம் ஓடாத ஓட்டம் என்றார்கள். பெட்டி வந்த நேரம் பெண்கள் ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தார்கள். அவர்கள் வரட்டும் என்றேன் நான். ஆண்கள் காத்திருக்கவில்லை. யாருக்கு எது பயன்படும் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. பெரியதாக, கறுப்பாக, பளபளப்பாக இருந்தவை முதலில் போயின. யாட்டோர் வரைபடம் காட்டும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டான். மலையேறுகிறவர்களுக்கானது அது, மணிக்கட்டில் செங்கல் மாதிரி தொங்கும். அந்த வரைபடத்தை இன்றுவரை அவன் திறந்து பார்த்ததில்லை. துணியைச் சீக்கிரம் பிழிந்துவிட்டு வந்த செரோப்புக்குச் சின்னதாக ஒரு நல்ல கடிகாரம் கிடைத்தது. கடைசியாக வந்த ஜெரோனோவுக்குப் பெட்டியின் அடியில் கிடந்த பழையது. யாரோ வெளிநாட்டில் கட்டிக் கழற்றியது, வாரில் அவர்களுடைய வியர்வைக் கறைகூட இருந்தது.

அதன் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்காது. நீண்ட ஓட்டத்தின் பாதியிலேயே செத்துவிடும். கோச் அருசேய்தான் வழி சொன்னார். இதே மேசையில், என் கண் முன்னால், அதைப் பேட்டரி மிச்சம் பிடிக்கும் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். சாதாரணமாக இந்தக் கடிகாரங்கள் நொடிக்கு நொடி செயற்கைக்கோளிடம் இடம் கேட்கும். மிச்சம் பிடிக்கும் முறையில் எப்போதாவது ஒரு தடவை கேட்டுவிட்டுத் தூங்கிவிடும். விழித்ததும், முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளும். தார்ச் சாலையில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. எங்கள் வியாழக்கிழமை ஓட்டம் காட்டுச் சாலையில். ஆட்டுக்குடல் மாதிரிச் சுருண்டு சுருண்டு போகும் செம்மண். ஜெரோனோ ஒவ்வொரு வளைவையும் ஓடினாள், கடிகாரம் ஒவ்வொரு வளைவையும் தின்றது.

நான் கோச்சைப் பார்த்தேன். அவர் தேநீரில் விழுந்த ஈயைத் தேடுகிறவர் மாதிரி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

"கோச், சொல்லுங்க," என்றேன்.

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார்.

செரோப் மூட்டையிலிருந்து இறங்கினாள். "சார், முப்பது கிலோமீட்டரும் நான் பாக்கிறது இவ முதுகைத்தான். அந்த முதுகு எந்தத் தோட்டத்துக்குள்ளயும் போகல."

"உனக்குதான் இடம் கிடைச்சிருக்கே. பேசாம உக்காரு."

"உக்காரப் பெஞ்சு இருந்தா உக்காந்திருப்பேன். நாளைக்கு வியாழன்தானே? அவ வாட்சை நான் கட்டிக்கிறேன், என் வாட்சை அவ கட்டிக்கட்டும். நீங்க கார்ல பின்னாடியே வாங்க."

கோரிர் தோளைக் குலுக்கினார். "சரி, வர்றேன்."

மறுநாள் காலை அவருடைய காரில் நானும் ஏறிக்கொண்டேன். பெண்கள் கூட்டம் முச்சந்தியிலிருந்து புறப்பட்டது. ஜெரோனோ முன்னால், அவள் தோளுக்கு அரை அடி பின்னால் செரோப். சாலை காட்டுக்குள் திரும்பியதும் சேறு. கார் வழுக்கியது, அவர்கள் வழுக்கவில்லை. ஒரு வளைவில் உள்பக்கம் புல் மிதிபட்டு நல்ல குறுக்கு வழி தெரிந்தது. ஜெரோனோ வெளிப்பக்கச் சேற்றிலேயே ஓடினாள். வழக்கமாக ஓடும் தடம் அதுதான் என்பதற்கு அந்தச் சேற்றில் போன வாரக் காலடிகளே சாட்சி.

"பாத்தீங்களா?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்றார் கோரிர். "செரோப்பும் உங்க முகாம் பொண்ணுதானே. யார் போனா என்ன?"

நான் சாலையையே பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் காரிலிருந்து இறக்கி விட்டிருப்பார், ஓட்டத்தின் முடிவைப் பார்த்திருக்க முடியாது.

முகாம் வாசலில் ஆண்களும் கூடியிருந்தார்கள். காரின் மீட்டர் முப்பது காட்டியது. ஜெரோனோ கையை நீட்டினாள்: முப்பது. செரோப் மூச்சு வாங்கிக்கொண்டே பழைய கடிகாரத்தைக் கோரிரின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்: இருபத்தாறு.

"நானும் ஆட்டுப் பாதையில வந்துட்டேன் சார்," என்றாள். "என் பேரையும் எடுத்துருங்க."

யாரும் சிரிக்கவில்லை. கோச் அருசேய் தொண்டையைச் செருமினார். "அதை மாத்தி வச்சது நான்தான் கோரிர். பேட்டரிக்காக. நேத்தே சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியும் கோச்," என்றார் கோரிர்.

"என்ன தெரியும்?"

"மிச்சம் பிடிக்கிற முறைன்னு திரையிலயே எழுதியிருக்கே. முதல் வாரமே பாத்தேன்."

அவர் அதை மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னார். ஜெரோனோ அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினாள். "தெரிஞ்சுமா என்னைக் குறுக்கு வழிக்காரின்னு சொன்னீங்க?"

"இதப் பாரு. ஆபீஸ்ல ஏன் குறையுதுன்னு கேட்டாங்க. அன்னைக்கு அவசரத்துல, வெட்டி ஓடுறா, கண்டிச்சு வைக்கிறேன்னு பதில் போட்டுட்டேன். இப்போ போய் இல்லை, வாட்ச்தான் தப்புன்னு சொன்னா என்னை என்ன நினைப்பாங்க? செரோப் பேர் போயாச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம். ஜெரோனோவுக்கு வயது முப்பத்து மூன்று. ஆறு வருஷமாகப் பந்தயங்களில் மற்றவர்களுக்காக முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்து, பாதியில் விலகியவள். சொந்தப் பெயரில் அவளுக்கு வந்த முதல் இடம் இது. ஒரு மனிதர் தன் அவசரப் பதில் அவசரப் பதில்தான் என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார், அதற்காக ஒருத்தி ஊரில் வளைவு வெட்டியாக வாழ வேண்டும்.

கோரிர் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். புகை அடங்குவதற்குள் நான் மேசைக்குப் போய்விட்டேன்.

மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. முகாமிலிருந்து போவதெல்லாம் அவர் பெட்டியில்தான் விழும், அவர் கைவழியாகத்தான் ஏஜென்சிக்குப் போகும். அதனால் தாளில் எழுதினேன், தலைமை அலுவலக முகவரிக்கே. முதல் வரைவில் 'பொய்யர்' என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டாம் வரைவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'கடிகாரத்தின் குறை அவருக்கு முதல் வாரத்திலேயே தெரியும் என்பதை எங்கள் அனைவர் முன்னிலையிலும் சொன்னார்' என்று மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதுதான் கடுமையாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன். ஜெரோனோவின் பெயரைத் திரும்பச் சேர்க்கும்வரை இந்த முகாமிலிருந்து ஓட்டக் கணக்கு எதுவும் வராது, கடிகாரங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம் என்று முடித்தேன்.

கடைசி வரியை எழுதிய பிறகுதான் கடிகாரங்களைக் கேட்கப் போனேன். பெண்கள் உடனே கழற்றிப் போட்டார்கள். ஆண்கள் பக்கம் போனதும் எல்லாருக்கும் திடீரென்று ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது.

"இதுல மேப் இருக்குக்கா," என்றான் யாட்டோர்.

"நீ என்னைக்குடா தொலைஞ்சு போன?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாட்டோரின் முகம் கறுத்தது. "ஏன், அவங்க ஸ்பெயினுக்குப் போறதுக்கு நான் வெறுங்கையோட ஓடணுமா?"

"பெட்டியை நாங்க வர்றதுக்குள்ள பிரிச்சது யாரு?" என்றாள் செரோப். "அண்ணே, உங்க கைல இருக்கிற செங்கல்ல பாதி அவளோடது."

அவன் முனகிக்கொண்டே வாரை அவிழ்த்தான். கேப்டன் அவிழ்த்ததும் மற்றவர்கள் வேறு வழியில்லாமல் அவிழ்த்தார்கள். ஒருவன் மட்டும் கழிப்பறைக்குப் போனவன் வெளியே வரவேயில்லை. ஒரு கடிகாரம் குறைகிறது என்பதையும் கடிதத்தில் சேர்த்தேன்.

கோச் அருசேய் தானாக வந்து, பழைய கடிகாரத்தின் முறையை மாற்றியது தான்தான் என்று என் கையெழுத்துக்குக் கீழே எழுதிக் கையொப்பமிட்டார். நான் நாற்காலி போடவில்லை, அவர் நின்றுகொண்டே எழுதினார். அதற்கும் கீழே செரோப் ஒரு வரி எழுதினாள்: 'அவளுடைய இடத்தில் நான் ஓட மாட்டேன்.' எழுதி முடித்ததும் பேனாவை மேசைமேல் வீசிவிட்டு வெளியே போனாள். அவளுக்கும் ஸ்பெயின் என்றால் ஸ்பெயின்தானே.

கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டினேன். அதைக் கடிகாரங்களின் மேல் வைத்து, அவை வந்த அதே பெட்டியை மூடப் போன நேரம் ஜெரோனோ கையை உள்ளே விட்டு வியர்வைக் கறை வாரை இழுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காத்திருந்தாள். செயற்கைக்கோள் கிடைத்ததும் அது கீச்சென்றது. ஓட்டம் தொடங்கும் பொத்தானை அழுத்தி, மறுபடி உள்ளே போட்டாள்.

"என்ன பண்ற?"

"எல்டொரெட் வரைக்கும் இதுவும் ஓடட்டும்க்கா. நான் மட்டாட்டு வேன் வேகத்துல ஓடுறேன்னு அவங்க கம்ப்யூட்டர் நம்பட்டும்."

பெட்டியைச் சுற்றி டேப்பை மூன்று தடவை ஓட்டினேன். முச்சந்தியில் எல்டொரெட் வேன் ஆட்களைத் திணித்துக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் கூரியர் கடையின் பெயரைச் சொல்லி, என் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவன் பெட்டியை டிரைவர் பக்கத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்தான். வேன் புறப்பட்டது.