எந்த மீனுக்குப் போவது

கோபிநாத் வேலூரிலிருந்து மனைவியோடு காரில் வந்து இறங்கியபோதே எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னிடம் பூச்சி வாங்குகிறவர்கள் போனில் பேசுவார்கள், கூரியரில் வாங்கிக்கொள்வார்கள். வீடு தேடி வருகிறவர்களுக்குக் காபியும் போட வேண்டும், கதையும் சொல்ல வேண்டும்.

பூச்சி என்று நான் சொல்வது ஃபிளை. தூண்டில் முள்ளில் நூலையும் முடியையும் சுற்றி, இறால் போலவோ குட்டி மீன் போலவோ கட்டுகிற பொய் இரை. ஆரணியில் பட்டு நெய்கிற எங்கள் வீட்டில் அறுந்த நூலுக்குப் பஞ்சமில்லை. பட்டு நனைந்தால் இறாலின் ஓடு மாதிரி வெளிச்சத்தை ஊடே விடும். அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர் சதீஷ். அரபிக்கடலில் ஒரு தீவில், ஃபிளை தூண்டிலோடு வருகிற விருந்தாளிகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கேயே கடலோடு போய்விட்டார்.

"முதல் தடவை தீவுக்குப் போறேன் மேடம்," என்றார் கோபிநாத். "மூணே நாள். எந்த மீனுக்குப் போறதுன்னு ஒரே குழப்பம்."

எல்லோரும் கேட்கிற கேள்விதான். கடல் நீர் வற்றி இறங்கும்போது தீவைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் மணல்திட்டு விரிந்து கிடக்கும். அதில் பலவகை மீனும் மேய வரும். கண்டதையெல்லாம் துரத்துகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஒன்றை முடிவு செய்து, அதற்கான பூச்சியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். புதிதாகப் போகிறவருக்கு போன்ஃபிஷ்தான் சரி. முழங்கை நீளம், வெள்ளி நிறம், கூட்டமாக வரும், கரைப்பக்கமே நின்று பிடிக்கலாம். பொறுமை அதிகம் என்றால் பால்மீன். பாசி தின்கிற அது நம் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்காது. கிளாத்தி என்றால் பாறைப் பொந்தில் புகுந்து நூலை அறுத்துவிடும்.

"பெரும்பாரை?" என்றார்.

அந்த ஆசை இல்லாத ஆம்பிளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பாதி ஆள் எடை இருக்கிற மீன். அது வேண்டுமென்றால் திட்டு முடிகிற விளிம்புக்குப் போய், அலை உடைகிற இடத்தில் நிற்க வேண்டும்.

"அதுக்கு நான் கட்டறதில்லைங்க," என்றேன்.

கட்டி இரண்டு வருடமாகிறது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

விடுமுறை நாட்களில் சதீஷ் தனக்காகத் தூண்டில் போடுவார். காலை ஆறு மணிக்கு போன் வரும். "இன்னிக்கு எதுக்குப் போவட்டும், சொல்லு." இட்லி ஊற்றிக்கொண்டே நான் எந்த மீனைச் சொல்கிறேனோ அதற்குத்தான் போவார். அது எங்கள் விளையாட்டு. இன்றைக்கும் ஆறு மணிக்கு அந்தக் குரல் அடுப்பங்கரையில் கேட்கிறது. பிரமை என்று தெரியும். தெரிந்தும், "சின்னதுக்கே போங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பிடிவாதமாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். அன்று பொழுது சாய்கிறவரை முதுகுக்குப் பின்னால் யாரோ பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றார்கள்.

கோபிநாத்தின் மனைவி இனியா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கட்டிக் குடுங்கக்கா. இவரு எங்க போனாலும் கைக்கு அடக்கமா ஒண்ணைப் புடிச்சி போட்டோ எடுத்துகினு வருவாரு. இந்தத் தடவையாவது ஆம்பள மாதிரி பெருசா ஒண்ணு புடிச்சிகினு வாங்கன்னு சொல்லிட்டேன்."

அது என் பேச்சு. ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தச் சிரிப்புகூட என்னுடையதுதான்.

உள் அறையில் மாமனார் ஜெகநாதன் தறியில் இருந்தார். மகன் போனதிலிருந்து அவர் சதீஷ் பெயரை எடுத்ததில்லை. என்னிடம் பேசுவதெல்லாம் "சோறு போடும்மா", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். என்மேல்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். நான் இப்போது வாயைத் திறந்தால் அவருக்குக் கேட்கும். திறக்காவிட்டால், அடுத்த மாதம் காலையில் இந்தப் பெண்ணின் அடுப்பங்கரையிலும் ஒரு குரல் வந்து நிற்கும். பயமாக இருந்தது. அவள் சிரித்ததில் ஆத்திரமாகவும் இருந்தது.

"நானும் இதையேதான் சொன்னேன்," என்றேன். "எங்க வீட்டுக்காரரு எப்பவும் கரைப்பக்கம் நிக்கறவரு. கிண்டலுக்குச் சொன்னேன், ஆம்பள மாதிரி பெருசா ஒண்ணு புடிச்சிகினு வாங்கன்னு. அன்னிக்கு விளிம்புக்குப் போனாரு. மூணாம் நாள்தான் கெடச்சாரு. நான்தான் அனுப்பினேன்."

தறிச் சத்தம் நின்றது. இனியா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா வெளியே வந்தார். பனியனில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வீட்டை விட்டுப் போ என்று சொல்வார் என்று நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னையும் கேட்டான்," என்றார். "உங்கிட்ட பேசிட்டு எனக்குப் போன் பண்ணான். தீபா பெருசு கேக்கறா நைனா, அலை ஜாஸ்தியா கீது, போவட்டுமான்னான். வேணாம்னு நான் சொல்லுவேன்னுதான் கேட்டிருக்கான். நான் தறியில இருந்தேன். ஜல்தி பேசுடா, வேலை கீது, போயிட்டு வான்னுட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்மேல கோவம் இல்லம்மா. வாயைத் தொறந்தா அன்னிக்கு அவன் என்ன பேசினான்னு கேட்டுடுவியோன்னுதான் இருந்தேன்."

இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ், அவர் செய்ததை அவரும் நான் செய்ததை நானும் ஒளித்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

மாமா கோபிநாத்தைப் பார்த்தார். ஏறக்குறைய சதீஷ் வயதுதான் இருக்கும்.

"தம்பி, நீங்க என்னைக் கேட்டதா வெச்சிக்குங்க. அலை ஜாஸ்தியா கீது, போவட்டுமான்னு." அவர் குரல் உடைந்தது. "போவாதடா. அவ சும்மா கிண்டலுக்குச் சொல்றா. நீ கரைப்பக்கமே நில்லு."

கோபிநாத் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சரி நைனா," என்றார்.