மயிலாள் மடியிலிருந்த குழந்தைகள்

1

"டீச்சர், எங்கம்மாளுக்கு மட்டும் சாமி ஏனுங்க ஒண்ணுமே தர்றதில்ல?"

ஞாயிறு பள்ளியில் தேஜஸ்ரீ இப்படிக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அவள் கேட்டது திருவிருந்தைப் பற்றி. எல்லாரும் பீடத்தண்டை போய் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, அவளுடைய அம்மா மயிலாள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்.

"நாங்க சின்னப் புள்ளைங்க, செரி. எங்கம்மா பெரியவங்கதானுங்க?"

பதில் தெரியாவிட்டால் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு இரண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

2

முதல் வரியை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்: "ஆயிரத்து எழுநூற்று ஆறாம் ஆண்டு, தரங்கம்பாடிக் கரையில் இரண்டு ஜெர்மானியர் வந்து இறங்கினார்கள்."

கம்பீரமான தொடக்கம்தான். ஆனால் அங்கிருந்து கதை திருப்பூர் வந்து சேர்வதற்குள் வாசகர் பல்லடத்திலேயே இறங்கிவிடுவார். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வந்தவர்கள் தமிழ் கற்றார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள். அவர்கள் தொடங்கியதிலிருந்து எங்களைப் போன்ற லுத்தரன் சபைகள் வளர்ந்தன. எங்கள் விசுவாசம் ஒரு வரியில் அடங்கும்: மனிதன் தன் நற்செயலால் அல்ல, கடவுளின் கிருபையால், விசுவாசத்தின் மூலம் நீதிமானாகிறான். எங்கள் நிர்வாகம் ஒரு வரியில் அடங்காது. மேலே பேராயர், சினாடு என்கிற பொதுப்பேரவை, ஆலோசனைச் சங்கம். கீழே பல சபைகள் அடங்கிய குருசேகரம், சபைக் கமிட்டி. (எல்லாவற்றுக்கும் மேலே மைக்செட்காரர். அவர் சுவிட்சைப் போடாமல் எங்களில் எவருக்கும் கிருபை அறிவிக்கப்படுவதில்லை.)

3

திருவிருந்து வாங்க வேண்டுமானால் திடப்படுத்தல் ஆகியிருக்க வேண்டும். அதற்கு ஞானோபதேசக் கேள்வி பதில்களைப் படித்துச் சபை முன்னால் ஒப்பிக்க வேண்டும். மயிலாளுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆயிற்று. அந்த வகுப்புக்குப் போகவேண்டிய வயதில் அவர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இன்றும் தைத்த பனியன்களில் குறை பார்க்கிற செக்கிங் மேசையில்தான் நிற்கிறார்.

அவர் எழுந்து போகாதவர் என்பதால், கைக்குழந்தைக்காரிகள் பீடத்துக்குப் போகும்போது குழந்தைகளை அவர் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். தேஜஸ்ரீ பிறப்பதற்கு முன்பே தொடங்கிய பழக்கம். சபைச் செயலாளர் அப்புசாமியின் பேரனும் அந்த மடியில்தான் தூங்குவான். ஆகவே மயிலாளைத் திடப்படுத்த எவரும் அவசரப்படவில்லை.

[இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. மின்விசிறி எங்கே சுற்றுகிறது என்று பார்த்து உட்காருகிற சாதாரண ஜனங்கள் நாங்கள். எங்களுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.]

4

கமிட்டியில் மயிலாளின் திடப்படுத்தல் பேச்சை எடுத்தேன்.

"படிக்கட்டுங்க டீச்சரம்மா, ஆருங்க வேண்டாங்கறது?" என்றார் அப்புசாமி. "ஆனா ஒரு வார்த்த உடாம ஒப்பிக்கோணும். முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

அவரை வில்லனாக்கி இரண்டு பத்தி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மழை வந்தால் ஆலய வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் உள்ளே எடுத்து வைக்கிறவரை எப்படி வில்லனாக்குவது?

மயிலாள் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தார்.

"படிக்கறப்ப நிக்குதுங்க டீச்சர். ஊட்டுக்குள்ள காலு வெச்சா ஓடிப்போயிருதுங்க."

மயிலாளின் கண்களில் நீர் தளும்ப—

(இல்லை. அது கொட்டாவி. ஓவர்டைம்.)

"வராட்டி என்னங்க, இந்தப் பெஞ்சு எங்கியும் போயிராது" என்று சிரித்தார். சிரித்து முடித்தபின் மெல்லச் சொன்னார்: "ஆனா, ஒருக்காவாச்சும் அங்க மண்டி போடோணும்னு ஆசைங்க."

5

சீர்திருத்தத் திருநாள் ஞாயிறு, மயிலாள் சபை முன்னால் ஒப்பிக்கிற நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாததால் ஆலயத்தில் பாதிக் கூட்டம். பரிசுத்த ஆவியைப் பற்றிய கேள்வியை அப்புசாமி கேட்டார். தன் புத்தியாலும் பலத்தாலும் எவரும் கடவுளிடம் வந்துவிட முடியாது, அவரே அழைத்துக்கொள்கிறார் என்பதே பதிலின் சாரம். அதைத் தன் புத்தியாலும் பலத்தாலும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது எங்கள் முறை.

மயிலாள் பாதியில் நின்றுவிட்டார்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்று: செக்கிங் மேசையை உவமையாக்கி அவர் ஒரு பதில் சொல்ல, சபையே வாயடைத்துப் போகிறது. மயிலாள் உவமை சொல்கிறவர் அல்ல. இன்னொன்று: "என்னால முடியலீங்க" என்கிறார், ஐயர், அதாவது எங்கள் குருவானவர், "அதுதான் பதில்" என்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஐயருக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

நடந்தது இதுதான். அப்புசாமி அடியெடுத்துக் கொடுத்தார். இரண்டாம் வரியில் அவரே நின்றுவிட்டார்.

"அட, நாக்குலயே நிக்குதுங்க!"

"ஏனுங்க செயலாளரே, ஒரு வார்த்த உடக்கூடாதுங்களாமா?" என்றார் பெண்கள் பக்கமிருந்து தெய்வாத்தாள்.

சபை சிரித்தது. பிறகு ஒருவர் ஒரு சொல், இன்னொருவர் ஒரு சொல் என்று பெஞ்சு பெஞ்சாகப் பொறுக்கிச் சேர்த்து, முழுப் பதிலையும் எல்லாருமாகச் சொல்லி முடித்தோம். மயிலாளும் கூடவே சொன்னார். ஐயர் அவர் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தார். பிள்ளைகள் பன் தின்ன வெளியே ஓடினார்கள்.

6

[முதல் வரைவு இங்கேயே முடிந்தது. தேஜஸ்ரீக்குப் படித்துக் காட்டினேன். "அப்பறம் எங்கம்மா வாங்கினாங்களா?" என்றாள்.]

திருவிருந்துப் பாட்டு தொடங்கியது. கைக்குழந்தைக்காரிகள் எழுந்தார்கள். கை பழகிப்போயிருந்தது. குழந்தைகளை மயிலாள் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மயிலாளும் வழக்கம்போல வாங்கிக்கொண்டார். மூன்றையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் குறைவென்பதால் மற்ற எல்லாரும் ஒரே வரிசையில் பீடத்தைச் சுற்றி அடங்கிவிட்டோம். தலை குனிந்து, கண் மூடி. ஐயரோ கிண்ணத்தைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார், சிந்திவிடுமோ என்று பயம்.

என் வலப்பக்கத்தில் யாரை மண்டியிட வைப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்புசாமியை வைக்கலாம். தெய்வாத்தாளை வைக்கலாம். முழங்கால் வலி இல்லையென்றால் நீங்களே வரலாம். இடம் விட்டிருக்கிறேன்: (                    ).

கதை எழுதுகிறவளுக்குத் தெரியாதா என்பீர்கள். கண்ணை மூடியிருந்தேன். காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். அப்பம் எங்கள் பக்கம் வருவதற்குமுன் அந்த இடத்திலிருந்தவர் எழுந்து போனார். பின்னால் பெஞ்சு முனகியது. "குடுங்க, மூணையுங் குடுங்க" என்று ஒரு கிசுகிசுப்பு. ஆணா பெண்ணா தெரியவில்லை. ஒரு குழந்தை வீரிட்டது. பழக்கமில்லாத கை ஒன்று அதைத் தட்டிக்கொடுத்தது. சற்று நேரத்தில், வளையல் ஓசையோடு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டவருக்கு மூச்சு வாங்கியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் திரும்பவேண்டாம். அழுகை மெல்ல அடங்கிக்கொண்டிருக்கிறது.