ஒல்லிக் கேபினட்டுக்கு ஒரு ஃபேன்

பாண்டிச்செல்வியின் கம்ப்யூட்டர் காலை பதினோரு மணியானால் தானாக அணைந்துவிடும். கரண்ட் இருக்கும், புகை எதுவும் வராது. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளில் அவள் மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகும். ஆடி மாதம், சிவகாசி அச்சாபீஸ்களிலிருந்து ஆர்டர் குவிகிற சீசன். ஆமத்தூரில் வீட்டில் இருந்தபடியே டிசைன் செய்து நாலு வருஷத்தில் எடுத்த நல்ல பெயர், இரண்டே வாரத்தில் கெட்டுக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியும் அப்படிப்பட்டது. ஒரு பைனான்ஸ் கம்பெனியை மூடியபோது விலைக்கு வாங்கியது. படுக்கப்போட்ட ஒல்லிக் கேபினட், உயரம் நாலு விரல்தான். உள்ளே காற்று புக இடமில்லை. மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் ஓடியது. அப்புறம் முன்னைவிட மோசம்.

முதலில் பார்த்த கடைக்காரன் பிராசஸர் போச்சு என்றான். இரண்டாவது ஆள் பவர் சப்ளை என்றான். இரண்டு பேரும் சொன்ன தொகை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடப் படித்த செல்வலட்சுமி சர்வீசுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் பாதி மெமரியோடு திரும்பி வந்த கதையும் அவளுக்குத் தெரியும். அதனால் மூன்றாவதாக விருதுநகர் ஆசிக்கைக் கூப்பிட்டபோது கறாராகச் சொல்லிவிட்டாள்: “கடைக்கெல்லாம் கொண்டாரமாட்டேன் தம்பி. வீட்டுக்கு வந்து, என் கண்ணு முன்னால பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிக் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவன். ஏதோ ஒரு பட்டனை அழுத்தி நீலத்திரையைக் கொண்டுவந்து காட்டினான். “எண்பத்தேழு டிகிரி. சூடு தாங்காம அதுவே அணைஞ்சிக்கிருது. வேற ஒண்ணும் போகலக்கா.”

ஒன்றும் போகவில்லை என்று ஒரு மெக்கானிக் சொல்வானா? அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவன் ஸ்கேலை உள்ளே விட்டு உயரம் அளந்தான். “பிராசஸர் சூட்டை இறக்க செம்புல பெரிய கூலர் ஒண்ணு இருக்கு. ஆயிரத்து நூறு.”

அதானே, வந்துவிட்டான் வழிக்கு என்று நினைத்தாள்.

“ஆனா அது ஒங்களுக்கு ஆகாது. வச்சா மூடி மூடாது. தட்டையா ஒண்ணு இருக்கு, முந்நூத்தம்பது. பின்பக்கம் சூட்டை வெளிய இழுக்க சின்ன ஃபேன் ஒண்ணு, நூத்திமுப்பது. அது போதும்.”

இவ்வளவு மலிவாக முடிப்பதென்றால் வேறு எதையோ கழற்றிக்கொண்டு போகப்போகிறான். அவள் அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிராசஸர் மேலிருந்த பழைய ஃபேனைக் கழற்றினான். அடியில் இருந்த அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. கொஞ்சம் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தான். விரல் மினுங்கியது.

ஆசிக்கின் முகம் மாறியது. தூசி ஊத எடுத்து வைத்திருந்த புளோயரைப் பிளக்கிலிருந்து உருவினான்.

“ஒங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்காக?”

“எதுக்குக் கேக்கீக?”

“பகல்ல வீட்டுல யாரெல்லாம் இருப்பீக?”

அவளுக்குத் திக்கென்றது. எழுந்து வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். “கம்ப்யூட்டர் பாக்க வந்தா அதை மட்டும் பாருங்க!”

“தப்பா நெனைக்காதீகக்கா. இது வீட்டுத் தூசியில்ல. வாணத்துக்குப் போடுற அலுமினியத் தூளு. வீட்டுல வச்சு வெடி செய்யிறீகளா? செஞ்சா சொல்லிருங்க, நான் கிளம்புறேன். போன சித்திரையில எங்க தெருவுக்குப் பின்னால இப்படித்தான் ஒரு வீடு... கூரையே இல்லாமப் போச்சு.”

பாண்டிச்செல்விக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே ஒரு சந்தேகமும் வந்தது. புருஷன் ஒச்சப்பனுக்கு எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை. செவ்வாயும் வெள்ளியும் அவள் அச்சாபீசுக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில் அவன் அவளுக்கு முன்னால் வீடு வந்துவிடுவதும், கொஞ்ச நாளாக முகம் பார்த்துப் பேசாததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

அவள் உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பரணில் ஏறி அண்டா, தகரப் பெட்டி எல்லாவற்றையும் இறக்கினாள். அரிசி டிரம்மில் கை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கிய அவனுடைய வேலைச் சட்டை கண்ணில் பட்டது. வெயில் விழுந்த இடத்தில் மெதுவாகத் தட்டினாள். மினுமினுவென்று தூள் இறங்கி, திறந்து கிடந்த கேபினட்டுக்குள் விழுந்தது. ஓரத்தில் நின்ற டேபிள் ஃபேன் இத்தனை நாளும் இந்தத் தூளைத்தான் உள்ளே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

டீக்கடைக்குப் போயிருந்த ஒச்சப்பன் அந்நேரம் உள்ளே வந்தான்.

“கம்பெனியில குளிச்சு, உடுப்பு மாத்திட்டுத்தான வரணும்? இது என்ன?” என்றாள், சட்டையைக் காட்டி.

அவன் ஆசிக்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “போர்ல தண்ணி இல்ல. குளிக்கிற தொட்டி வத்தி ரெண்டு மாசமாச்சு. ஃபோர்மேன் எல்லாரையும் அப்படியே வேன்ல ஏத்தி விட்டுருதாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கேக்கப் போயிருவ. சீசன்ல என்னைய நிப்பாட்டிட்டா?”

அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் அதே வேனில் போகிறவள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக் கேட்டாள். “எங்க வீட்டுக் கொடியில என் சேலையை வந்து பாரு. அம்புட்டும் வெள்ளி சரிகை கணக்கா மினுங்குது!” என்றாள் வள்ளித்தாய். அதற்குப் பிறகுதான் பாண்டிச்செல்வி உட்கார்ந்தாள்.

ஆசிக் கேபினட்டை முற்றத்துக்குத் தூக்கிப் போனான். ஈரத்துணியாலும் பெயிண்ட் பிரஷாலும் ஒரு மணி நேரம் துடைத்தான். தட்டைக் கூலரைப் பொருத்தி, பின்னால் சின்ன ஃபேனைத் திருகாணி போட்டு முடுக்கினான். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி மடித்து, கூலரிலிருந்து வரும் சூடு அந்த ஃபேனுக்கே போகும்படி வழி அமைத்தான். மூடி சரியாக மூடியது. நீலத்திரையில் ஐம்பத்தாறு டிகிரி என்று வந்தது.

“இனி மூடியைத் திறந்து போடாதீக. சட்டையை இங்கன மாட்டவே மாட்டாதீக” என்றான்.

“ஒங்களைத் திருடன்னு நெனச்சேன் தம்பி” என்றாள் அவள்.

“நான் ஒங்களை அதுக்கும் மேல நெனச்சேன்” என்று சொல்லிச் சிரித்தான் ஆசிக்.

திங்கட்கிழமை காலை, ஒச்சப்பன் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் அவளும் கம்பெனி வேனில் ஏறினாள். வள்ளித்தாயும் இன்னும் ஆறு பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். இவளை யார் தூண்டிவிட்டது என்று ஃபோர்மேன் திரும்பத் திரும்பக் கேட்டார். “யாரும் தூண்டல. தொட்டியில தண்ணி ஊத்துங்க” என்பதையே அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கொண்டுபோன சட்டையை அவர் மேசைமேல் உதறிக் காட்டிய பிறகுதான் அவர் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டார்.

யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. புதன்கிழமை தண்ணீர் லாரி வந்தது. ஒச்சப்பனுக்கு அவள் மேல் கோபம் முழுசாக ஆறவில்லை, ஆனாலும் அன்று சாயங்காலம் ஈரத்தலையோடு வேனிலிருந்து இறங்கி, மாற்றுச் சட்டையில், “சாப்பிட என்ன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.